விடத் தெரிந்த பெடல்

‘கிளிப்லெஸ்’ என்ற பெயரை முதல்முறை கேட்கும் யாரும் குழம்பத்தான் செய்வார்கள். கிளிப் இல்லாத பெடல் என்று அர்த்தம். ஆனால் காலை வைத்தால் ‘டக்’ என்று மாட்டிக்கொள்கிறது. மேலே தூக்கினால் வராது, பின்னால் இழுத்தாலும் வராது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் மட்டும் விடும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான், “மாட்டுறதுக்கு ஏண்ணே மாட்டாததுன்னு பேரு வச்சாங்க?”

நியாயமான கேள்வி. பதில் தெரிய வேண்டுமானால் நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். இந்தப் பெயர் பெடலில் இருப்பதைச் சொல்லவில்லை. அதிலிருந்து கழற்றிப் போட்ட ஒன்றைச் சொல்கிறது. அந்த ஒன்றின் பெயர் டோ கிளிப்: சப்பாத்தின் முனையை முன்னாலிருந்து பிடிக்கும் இரும்புக் கூண்டு, அதைச் சுற்றி ஒரு தோல்வார். 1980கள் வரை பந்தய சைக்கிள் என்றால் அதுதான்.

என் தாத்தா கூலாய் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவருடைய சைக்கிளில் இருந்தது ரப்பர் கட்டை வைத்த சாதாரணப் பெடல். சிலிப்பரோடு மிதிப்பார், சில நாள் வெறுங்காலோடு. அந்தப் பெடல் போதும். இன்றைக்கும் பாசாருக்குப் போகிற யாருக்கும் அதுவே போதும். ஆனால் வேகம் கூடும்போது ஒரு சிக்கல் வருகிறது. நிமிடத்துக்கு 90, 100 சுற்று மிதிக்கும்போது கால் பெடலில் நிற்காது, வழுக்கும். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வழுக்கினால், சுழன்று வரும் பெடல் முழங்காலுக்குக் கீழ் எலும்பைப் பதம் பார்க்கும். ஆகவே காலைக் கட்டிப்போட வேண்டும் என்ற யோசனை சைக்கிள் பந்தயத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது.

கட்டுவது சுலபம். ஒரு வார் போதும். எப்போது விடுவது, எவ்வளவு விசையில் விடுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. இந்தப் பெடலின் கதையை நான் படித்த வரையில், தொண்ணூறு வருடம் எல்லாரும் கட்டுவதைப் பற்றி யோசித்தார்கள். ஒரு ஆள் மட்டும் விடுவதைப் பற்றி யோசித்தார். அவருக்கு சைக்கிளோடு சம்பந்தமே கிடையாது.

முதலில் கட்டியவர்கள். டோ கிளிப்பில் புழங்கிய பெரிய பெயர் ‘கிறிஸ்டோஃப்’. அது ஒரு மனிதரின் பெயர். எஜென் கிறிஸ்டோஃப், பிரெஞ்சு வீரர். 1913 டூர் டி ஃபிரான்ஸில் டூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் கவை உடைந்துபோனது. வெளியார் உதவி கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சான்த் மாரி தெ காம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். நடுவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி ஊதிய ஒரு சின்னப் பையனின் உதவியைப் பெற்றதற்காக நேரத் தண்டனையும் போட்டார்கள்! 1919இல் டூரின் முதல் மஞ்சள் சட்டையை அணிந்தவரும் இவர்தான். ஆனால் டூரை ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. பந்தயத்தில் எல்லாவற்றையும் இழந்தும் விடாமல் பிடித்துக்கொண்ட மனிதரின் பெயர், காலை விடாமல் பிடிக்கும் வாருக்கு அமைந்தது. இப்படிப்பட்ட பொருத்தத்தை நாவலில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

வார் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். சப்பாத்தின் அடியில் ஒரு கட்டை ஆணியடித்திருக்கும். அதில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் பெடலின் இரும்பு விளிம்பில் போய் உட்காரும். பிறகு குனிந்து வாரை இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு கால் சைக்கிளின் ஓர் உறுப்பு. நிற்க வேண்டுமென்றால் மறுபடி குனிந்து, கொக்கியைத் தள்ளி வாரைத் தளர்த்தி, காலைப் பின்னால் உருவ வேண்டும். சாதாரணமாக ஓட்டும்போது தளர்வாக வைத்துக்கொள்வார்கள். மலை ஏறும்போதும் கடைசி ஓட்டத்திலும் இறுக்குவார்கள். கூட்டமாக விழும் இடங்களில் வாரை இறுக்கியவர்கள் சைக்கிளோடு சேர்ந்து உருண்டார்கள். அந்தக் கட்டையை எந்தக் கோணத்தில் அடிப்பது என்பது தனி வித்தை. ஒருமுறை அடித்துவிட்டால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு முழங்கால் அந்தக் கோணத்திலேயே மடங்கி நிமிர வேண்டும்.

வேறு வழி யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. 1895இலேயே அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ல்ஸ் ஹேன்சன் என்பவர், சப்பாத்தைத் திருப்பினால் பூட்டி, திருப்பினால் திறக்கும் பெடலுக்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார். கால் இடமும் வலமும் கொஞ்சம் அசைய இடம்கூட வைத்திருந்தார். அதாவது இன்றைய பெடலின் மூலக்கருத்து அப்போதே இருக்கிறது. ஏன் பிழைக்கவில்லை? என் கணிப்பு, குற்றம் பெடலில் இல்லை, சப்பாத்தில் இருக்கிறது. திருப்பித் திறக்கும் பூட்டுக்கு அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். அந்தக் காலத் தோல் சப்பாத்து வளையும், மழையில் நனைந்து ஊறும். குதிகாலைத் திருப்பினால் தோல்தான் முறுக்கும். ஒரு நல்ல யோசனை தனக்குத் தேவையான பொருள் பிறக்கும்வரை பெட்டியில் தூங்குவது பொறியியலில் அடிக்கடி நடப்பது.

அடுத்தது இத்தாலி. மிலான் சான்ரேமோ பந்தயத்தை 1943இல் ஜெயித்த சீனோ சினெல்லி, பிறகு சைக்கிள் பாகங்கள் செய்யும் தொழிலில் பேர் வாங்கினார். 1970களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் எம்71 என்ற பெடலைக் கொண்டுவந்தது. கூண்டு கிடையாது, வாரும் கிடையாது. சப்பாத்தடிக் கட்டை பெடலுக்குள் வழுக்கிப் போய்ப் பூட்டிக்கொள்ளும். அழகான வேலை. ஆனால் திறக்க வேண்டுமென்றால் குனிந்து, பெடலில் உள்ள ஒரு நெம்பை விரலால் தள்ள வேண்டும். கால் மாட்டியிருக்கிறது, சைக்கிள் சாய்கிறது, கை கீழே போக வேண்டும். ஓட்டுநர்கள் அதற்குச் சாவுப் பெடல் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். சினெல்லி வாரை ஒழித்தார், ஆனால் வாரின் புத்தியை ஒழிக்கவில்லை. விழும் மனிதனுக்குக் கையை நீட்ட நேரம் இருக்கும் என்று நம்பினார்.

இப்போது பனிமலைக்குப் போக வேண்டும். ஏனென்றால் விழும் மனிதனைப் பற்றிப் பல வருடமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் பனிச்சறுக்குக்காரர்கள்தான். நீளமான பலகையில் காலைக் கட்டிக்கொண்டு சரிவில் வேகமாக இறங்குகிறார்கள். பலகையின் முனை எங்காவது சிக்கினால் அது ஒரு நெம்புகோலாக மாறிக் காலை முறுக்கும். கணுக்காலுக்கு மேல் எலும்பு திருகி உடையும். போர்ட்லண்டில் வாழ்ந்த நார்வேக்காரர் ஹ்யால்மர் ஹ்வாம் 1937இல் அப்படிக் காலை உடைத்துக்கொண்டு, மருத்துவமனைப் படுக்கையிலேயே தானாக விடுபடும் பூட்டுக்குப் படம் வரைந்தார். பிரான்ஸில் ஜான் பேல் என்பவருக்கும் கால் உடைந்தது. அவரும் பூட்டு செய்ய உட்கார்ந்தார். நெவெர் என்ற ஊரில் 1951இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் ‘லுக்’.

பேலுடைய பூட்டில் என்னைக் கவர்ந்த விஷயம் இதுதான். காலுக்கு வரும் எல்லா விசையும் ஆபத்தானது இல்லை. குதித்தால் வரும் அதிர்ச்சி ஒரு நொடிக்கும் குறைவு. எலும்பு அதைத் தாங்கும். அதற்கெல்லாம் பூட்டு திறந்துகொண்டால் வேகத்தில் பலகை கழன்று மனிதன் செத்தே போவான். முறுக்கு விசை மட்டும் ஓர் அளவைத் தாண்டும்போது திறக்க வேண்டும். அளவுக்குள் இருந்தால் கொஞ்சம் விலகிக்கொடுத்து மறுபடி நடுவுக்கு வர வேண்டும். ஒரு ஸ்பிரிங், அதன் இறுக்கத்தை மாற்ற ஒரு திருகாணி. எந்தத் திசையில் பிடிவாதம், எந்தத் திசையில் இணக்கம் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அதன்பிறகு இரும்பைத் தொட்டார்கள். பல்கலைக்கழகத்தில் முறுக்கு விசை பற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் பரீட்சை எழுதினேன். இந்த உதாரணத்தை ஒரு விரிவுரையாளர் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

1983இல் லுக் நிறுவனத்தை பெர்னார் தாப்பி வாங்கினார். நொடித்துப்போகும் கம்பெனிகளைப் பிடித்து நிமிர்த்தும் வியாபாரி, பின்னால் கால்பந்துக் கழக முதலாளி, அமைச்சர், சிறைவாசி என்று எல்லா வேடமும் போட்டவர். அவரிடம் ‘லா வி க்ளேர்’ என்ற பெயரில் ஆரோக்கிய உணவுக் கடைகளும் இருந்தன. அதே பெயரில் ஒரு சைக்கிள் குழுவைத் தொடங்கி, பெர்னார் இனோவை அழைத்துக்கொண்டார். இனோ அப்போது நான்கு டூர் ஜெயித்தவர். ஆனால் முழங்கால் கெட்டிருந்தது. 1980இல் மஞ்சள் சட்டையோடு இருந்தபோதே முழங்கால் வலியால் பந்தயத்தை விட்டு விலகியவர். 1983இல் அறுவை சிகிச்சை. இனி அவ்வளவுதான் என்று பலர் எழுதிவிட்டார்கள்.

தாப்பியின் கையில் இரண்டு பொருள் இருக்கிறது. பனிச்சறுக்குப் பூட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்று, உலகமே பார்க்கும் சைக்கிள்காரர் ஒருவர். 1984இல் பிபி65 என்ற பெடல் வந்தது. சப்பாத்தின் அடியில் முக்கோண வடிவில் பெரிய பிளாஸ்டிக் துண்டு, கிளீட். அதன் மூக்கு பெடலின் முன்னால் நுழையும், பின்பக்கம் அழுத்தினால் ஸ்பிரிங் பின்வாங்கி ‘டக்’ என்று பூட்டும். குதிகாலைத் திருப்பினால் திறக்கும். கை வேண்டாம், குனிய வேண்டாம். விழும்போது கால் தானாகவே முறுக்கிக்கொள்ளும், பல நேரம் அதுவே திறந்துவிடும். 1985 டூரில் சான்த் எத்தியேன் நகரில் இனோ கீழே விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். முகமெல்லாம் ரத்தத்தோடு எல்லையைக் கடந்தார். வீங்கிய கண்ணோடு மிச்ச நாட்களை ஓட்டி ஐந்தாவது டூரையும் ஜெயித்தார். அவர் காலுக்குக் கீழே லுக் பெடல். அதற்கு மேல் விளம்பரம் தேவைப்படுமா?

இருந்தும் மற்றவர்கள் உடனே மாறவில்லை. பந்தயக்காரர்கள் பழமைவாதிகள். கால் பழகிய கோணத்தை மாற்ற யாருக்கும் மனசு வராது. ஷான் கெல்லி போன்ற பெரிய வீரர்கள் 1990கள் பிறந்த பிறகும் கூண்டையும் வாரையும் விடவில்லை. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆரம்பகால லுக் கிளீட் காலை ஒரே கோணத்தில் பிடித்தது. பழைய வாரைத் தளர்த்தினால் கால் கொஞ்சம் அசையும், புதியதில் அதுவும் இல்லை. முழங்கால் வலி என்று நிறையப் பேர் புலம்பினார்கள். இதற்கும் தீர்வு கொண்டுவந்தவர் ஜான் பேல்தான். லுக்கை விட்டு வெளியே வந்து 1987இல் ‘டைம்’ என்ற நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். பூட்டியிருக்கும்போதே குதிகால் சில பாகை இடமும் வலமும் நகரும்படி அதன் பெடல்கள் வந்தன. ‘ஃப்ளோட்’ என்கிறோமே, அது. பூட்டு என்பது கல்லில் செதுக்கியதுபோல இருக்க வேண்டியதில்லை, பிடித்துக்கொண்டே அசையவிடலாம் என்பது 1895இல் ஹேன்சனுக்குத் தோன்றியதுதான்.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையை உடைத்துவிட்டுப் போகிறேன். கிளிப்லெஸ் வாங்கச் சொல்லும் எல்லாரும், “மிதிக்கிறது மட்டுமில்ல தம்பி, மேல இழுக்கவும் செய்யலாம், பவர் கூடும்” என்பார்கள். 1991இல் அமெரிக்காவில் எட்வர்ட் காயில் குழுவினர் திறமையான சைக்கிள்காரர்களின் பெடல் விசையை அளந்து பார்த்தார்கள். மேல்மட்ட வீரர்கள் அதிகமாக இழுக்கவில்லை. கீழே இன்னும் பலமாக மிதித்தார்கள், அவ்வளவுதான். மேலேறும் கால் தன் எடையைத் தூக்கிக்கொண்டால் போதும். நான் காசு போட்டு வாங்கியதற்குக் காரணம் வேறு: மழையிலும் கால் வழுக்காது, பாதம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரும்.

நின்ற இடத்திலிருந்து முழு பலத்தோடு கிளம்பும் டிராக் ஸ்பிரிண்டர்கள் மட்டும் நிஜமாகவே இழுப்பவர்கள். அவர்களில் பலர் கிளிப்லெஸ் பெடலுக்கு மேல் ஒரு வாரும் போட்டுக் கட்டுகிறார்கள். நம் அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2017இல் உலகப் பட்டம் வாங்கிய கெய்ரின் ஆட்டம், ஜப்பானில் 1948இல் சூதாட்டப் பந்தயமாகப் பிறந்தது. அங்கே உள்ளூர்ப் பந்தயங்களில் இன்றும் இரும்புச் சட்டம், டோ கிளிப், தோல்வார்தான். அங்கே பழையது செத்துப்போகவில்லை.

ஜப்பான் என்றதும் ஷிமானோ. 1921இல் சக்காயில் தொடங்கிய கம்பெனி. முதலில் லுக்கிடம் உரிமம் வாங்கி ரோட் பெடல் செய்தது. 1990இல் மலை சைக்கிளுக்காக எஸ்பிடியைக் கொண்டுவந்தது. சின்ன இரும்புக் கிளீட், இரண்டே திருகாணி, சப்பாத்தின் அடியில் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். அதாவது நடக்கலாம். ரோட் கிளீட்டோடு மாமாக் கடைக்குள் ரொட்டி சானாய் சாப்பிடப் போகிற எங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாத்து நடை. இந்த ஷிமானோ நமக்கு அந்நியம் இல்லை. ஜப்பானுக்கு வெளியே ஆலை போடத் தொடங்கியபோது அது 1973இலேயே சிங்கப்பூருக்கு வந்தது, ஜூரோங்கில். பிறகு ஜோகூரில் பெக்கான் நானாஸில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் வழியாகக் குக்குப் போகும்போது அந்த ஊரை, இருபுறமும் அன்னாசித் தோட்டத்தோடு, கடந்து போகிறோம். உலகச் சைக்கிள் வரலாற்றில் நம் ஊர்ப் பெயர்கள் தொழிற்சாலை முகவரியாகத்தான் வருகின்றன. அந்த வரியிலாவது யார் வேலை செய்தார்கள் என்று யாராவது எழுத வேண்டும். காலையில் பாலம் கடந்து ஜூரோங் போய் இரவு திரும்பிய ஒரு தலைமுறைத் தமிழர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வரலாற்றைத்தான் பதிலாகச் சொல்வது. சிக்னல் நிறைய இருக்கும் ரோட்டில் வேலைக்குப் போகிறவர், கடையில் இறங்கி நடப்பவர் எஸ்பிடி வாங்கட்டும். நீண்ட தூரம் நிற்காமல் போகிறவருக்கு மூன்று திருகாணி ரோட் கிளீட். 1984இல் லுக் வைத்த அந்த மூன்று ஓட்டை அமைப்பைத்தான் எந்த நிறுவனத்தின் ரோட் சப்பாத்திலும் இன்று பார்க்கிறோம். கிளீட்டின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். லுக்கில் கறுப்பு அசையாது, சாம்பல் 4.5 பாகை, சிவப்பு 9 பாகை. ஷிமானோவில் சிவப்பு அசையாது, நீலம் 2, மஞ்சள் 6. ஒரு கம்பெனியின் சிவப்பு தாராளம், இன்னொன்றின் சிவப்பு கறார்! எங்கள் குழுவில் ஐம்பது வயது அண்ணன் ஒருவர், கடையில் யாரோ சொன்னார்கள் என்று ஷிமானோ சிவப்பு மாட்டிக்கொண்டு மூன்று மாதம் முழங்கால் வலியோடு ஓட்டினார். சைக்கிளை விற்றுவிடலாம் என்ற நிலைக்கே வந்துவிட்டார். மஞ்சளுக்கு மாற்றி, பெருவிரல் மூட்டுக்கு நேர் கீழே பெடல் அச்சு வரும்படி நகர்த்தி வைத்தோம். இரண்டு வாரத்தில் குக்குப் வந்துவிட்டார். இனோவின் முழங்காலுக்குப் பத்திரிகைகள் இருந்தன. இவருடையதற்கு நாங்கள்தான் இருந்தோம்.

புதியவர்கள் ஸ்பிரிங் திருகாணியை முழுக்கத் தளர்த்திவைத்துப் பழக வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது முறை மாட்டிக் கழற்ற வேண்டும். கிளீட் தேய்கிற பொருள். பெடலில் தேய்வதைவிட மாமாக் கடைத் தரையில்தான் அதிகம் தேயும். மாட்டும்போது ‘டக்’ மங்கலாகக் கேட்டாலோ, மிதிக்கும்போது கால் ஆடினாலோ மாற்றிவிட வேண்டும். தேய்ந்த கிளீட் எதிர்பாராத நேரத்தில் விடும், சில நேரம் விடவே விடாது. பழையதின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால் புதியதை அதே கோணத்தில் வைக்கலாம். திருகாணியில் கொஞ்சம் கிரீஸ், இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். நம் வியர்வையும் மழையும் சேர்ந்தால் ஆறு மாதத்தில் துரு வந்து ஒட்டிக்கொள்ளும்.

பெடலைக் கழற்றும்போது இடது பக்கம் எல்லாரையும் ஏமாற்றும். அதன் மரை தலைகீழ். 1900இல் டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், தானாகக் கழலாத பெடல் என்று இந்த ஏற்பாட்டை விளம்பரப்படுத்தி விற்றார்கள். காரணம் எளிதில் பிடிபடாது. ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாக வைத்து, அதன் நுனியை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் எதிர்த்திசையில் மெல்ல உருளும். மிதிக்கும் காலின் எடை பெடல் அச்சை அப்படித்தான் உருட்டுகிறது. அந்த உருட்டல் இறுக்குகிற பக்கம் போகும்படி மரை வெட்டியிருக்கிறார்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே பேரிங் துருப்பிடித்து இறுகிப்போனால் விசை எதிர்ப்பக்கம் திரும்பும். மாட்டிய காலை முறுக்கி உடைக்காமல், பெடல் தண்டிலிருந்து தானே கழன்று வந்துவிடும்.

கையால் சுழற்றும்போது சொரசொரவென்று இருந்தால் அந்த நாள் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஜோகூரில் நவம்பர் மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எல்லாரும் என் வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு கிரீஸ் வைப்போம். இடது பெடலை எந்தப் பக்கம் திருப்புவது என்று வருடா வருடம் சண்டை வரும். சைக்கிளை நிமிர்த்தி, ஸ்பானரை அச்சுக்கு மேலே வைத்து, எந்தப் பெடலானாலும் பின்சக்கரத்தைப் பார்த்துத் தள்ள வேண்டும்.